பழைய கார் விளம்பரங்களில் வரும் பெரிய வார்த்தைகள்: பணம் கொடுக்கும் முன் எதற்கு என்ன ஆதாரம் கேட்பது

அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வில்லிஸ் ஜீப், காண்டஸா. இதில் ஏதோ ஒன்றின் மேல் ஆசை வந்து விற்பனை விளம்பரங்களைப் புரட்ட ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். ஒரு ஹெரால்டு தேடி சென்னை, கோவை, பெங்களூரு என்று அலைந்து, பேப்பர் வேலைக்காக ஆர்டிஓ வாசலில் காத்துக் கிடந்த பிறகு எழுதுகிறேன். அடுத்து வருகிறவர்களுக்காவது இந்த அலைச்சல் குறையட்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் விலையில் ஒரு தொகையாக உட்கார்ந்திருக்கிறது. 'வின்டேஜ்' என்று போட்டால் கொஞ்சம் ஏறும், 'சிங்கிள் ஓனர்' என்றால் இன்னும் கொஞ்சம், 'ஃபுல்லி ரீஸ்டோர்ட்' என்றால் ஒரேயடியாக ஏறும். அந்த வார்த்தைக்கு ஒரு காகிதமோ, இரும்பில் அடித்த ஒரு எண்ணோ ஆதாரமாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், தப்பே இல்லை. ஆதாரம் இல்லையென்றால் அந்த வார்த்தைக்குப் பைசா கொடுக்க வேண்டாம். கீழே இருக்கும் எல்லாமே இதற்கான வழிகள்தான்.

1. 'வின்டேஜ்', 'கிளாசிக்': முதலில் பதிவு தேதியைக் கேளுங்கள்

இன்றைக்கு விளம்பரங்களில் எண்பதுகளின் காண்டஸாவும் வின்டேஜ், மாருதி 800-உம் வின்டேஜ். பிரிட்டிஷ் கிளப் வழக்கப்படி 1919 முதல் 1930 வரை தயாரான கார்தான் வின்டேஜ். பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபீவா 30 வருடம் தாண்டி, சரியான நிலையில் பாதுகாக்கப்பட்ட வண்டியை 'ஹிஸ்டாரிக்' என்று ஏற்கிறது. நம் நாட்டில் 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிதான் நமக்கு முக்கியம்: முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது.

இந்த விதியில் வரும் வண்டிக்கு மாநில எழுத்துகளுக்குப் பின்னால் 'விஏ' போட்ட தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. 'முழுசா ரீஸ்டோர் பண்ணி எஞ்சின் மாத்தியாச்சு சார், விஏ நம்பரும் வாங்கிடலாம்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். எஞ்சின் மாறிய வண்டிக்கு அந்த விதியில் இடம் கிடைப்பது சந்தேகம், ஆகவே அந்த இரண்டும் ஒன்றாகப் போகாது. இன்னொன்று, விஏ பதிவு செய்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், விஏ பக்கமே போகாமல் சாதாரண ஆர்சியைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. 'சிங்கிள் ஓனர்': அந்த ஓனர் உயிரோடு இருக்கிறாரா?

கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனால் போனிலேயே கேட்டுவிடுங்கள். பழைய கார் உலகில் பல 'சிங்கிள் ஓனர்' வண்டிகள் தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா எப்போதோ காலமாகியிருப்பார், பேரன் விற்பார். ஆர்சியில் ஒரே பெயர் இருப்பது உண்மை. ஆனால் விற்கும் பேரனுக்குச் சட்டப்படி அந்த வண்டி இன்னும் சொந்தமாகவில்லை.

அப்படிப்பட்ட வண்டி முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடிதம், எல்லாம் வேண்டும். ஒரு அத்தை சிங்கப்பூரில், ஒரு சித்தப்பா பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக என்று இருந்தால் இது மாதக்கணக்கில் இழுக்கும். 'நீங்க பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துட்டுப் போங்க, கையெழுத்து மெதுவா வாங்கித் தர்றோம்' என்பார்கள். செய்யாதீர்கள். வாரிசு பெயருக்கு மாறட்டும், பிறகு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். நிஜமாகவே விற்க நினைப்பவர் அந்த வேலையைச் செய்துவிடுவார்.

3. 'பேப்பர்ஸ் க்ளியர்', 'சின்ன பேப்பர் வேலைதான்'

இந்த ஒரு விஷயத்துக்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எஞ்சின் கெட்டால் மெக்கானிக் இருக்கிறார். பேப்பர் கெட்டால் வண்டி வெறும் இரும்பு.

ஆர்சி புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. பிறகு வண்டி எண்ணை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முந்தைய பதிவெண் உள்ள வண்டிகளில் பலவற்றுக்கு அங்கே ஒன்றுமே வராது, ஏனென்றால் ஆர்டிஓவின் கையெழுத்துப் பதிவேடு இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. இதை 'பேக்லாக் என்ட்ரி' என்பார்கள். அது ஏறும் வரை பெயர் மாற்றம், புதுப்பித்தல் எதுவும் நடக்காது. பதிவேட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும், அலுவலகம் இடையில் பிரிந்திருந்தால் பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. இதை விற்பவர் முடித்துத் தர வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். ஏனென்றால் அவர்தான் பதிவான உரிமையாளர், அவர் போய் நின்றால்தான் காரியம் நடக்கும்.

அடுத்தது ஆர்சி காலாவதி. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும் (படிவம் 25, வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்). 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதி கார் என்றால் 80,000. அதற்கு மேல் பசுமை வரி. இதெல்லாம் தெரிந்த செலவு. தெரியாத செலவு தாமதக் கட்டணம்: காலாவதியான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் என்பது விதி. ஐந்து வருடம் தூங்கிய ஆர்சி என்றால் அதுவே 30,000 ஆகிவிடும். 'எஃப்சி மட்டும் காட்டணும், சின்ன வேலைதான்' என்று விற்பவர் சொல்லும் அந்தச் சின்ன வேலைக்குள் இவ்வளவும் இருக்கிறது. வண்டி பதிவான ஆர்டிஓவில் மொத்தக் கணக்கையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 வழியாக என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே வந்து மறுபடி சாலை வரி, புது எண். ஆசையாகப் பார்த்த பழைய எண் பலகை அதோடு போய்விடும், 'ஃபேன்சி பழைய நம்பர்' என்று அதற்கும் சேர்த்து விலை சொல்லியிருந்தால் யோசியுங்கள். என்ஓசி வருவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். டெல்லி வட்டார வண்டி மலிவாகக் கிடைக்கும், அங்கே 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் உள்ள கட்டுப்பாட்டால் விற்றுத் தள்ளுவார்கள். என்ஓசி கையில் இல்லாமல் அந்த வண்டிக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

திருட்டு வண்டியா என்று பார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் எஞ்சின் எண், சேசிஸ் எண் போட்டு வாகன என்ஓசி எடுக்கலாம். ஐந்து நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள்.

4. 'ஒரிஜினல்', 'மேட்சிங் நம்பர்ஸ்': குனிந்து பாருங்கள்

'மேட்சிங் நம்பர்ஸ்' என்றால் தொழிற்சாலையில் அந்த வண்டியில் எந்த எஞ்சினைப் பொருத்தினார்களோ அதே எஞ்சின் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் விளம்பரங்களில் ஆர்சியில் இருக்கும் எண்ணும் எஞ்சினில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போவதை வைத்து இதைச் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு. எஞ்சினை மாற்றி முறையாக ஆர்டிஓவில் பதிந்திருந்தாலும் எண்கள் ஒத்துத்தான் போகும். அதனால்தான் ஆர்சி புத்தகத்தின் எல்லாப் பக்கமும் கேட்கச் சொன்னேன். மாற்றங்களைப் பதியும் பக்கத்தில் பழைய எஞ்சின் எண்ணை அடித்துப் புது எண் எழுதி சீல் வைத்திருப்பார்கள். ஸ்மார்ட் கார்டாக மாறிய வண்டியில் இந்தச் சரித்திரம் தெரியாது, ஆர்டிஓவில் ஆர்சி பர்ட்டிகுலர்ஸ், அதாவது பதிவு விவரங்கள் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

நேரில் போகும்போது ஒரு பென்சில், மெல்லிய வெள்ளைத்தாள், கம்பித் தூரிகை, டார்ச் கொண்டு போங்கள். சேசிஸ் எண்ணின் மேலுள்ள அழுக்கைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். ஆர்டிஓவில் படிவத்தில் ஒட்டுவதற்கு எடுப்பது போலத்தான். கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரியும். ஒரு எழுத்து மற்றவற்றைவிட ஆழமாக விழுந்திருக்கும், அல்லது எண்ணைச் சுற்றி கிரைண்டர் ஓடிய கோடுகள் சாய்வாக வந்திருக்கும், அல்லது எண் இருக்கும் தகட்டுத் துண்டின் ஓரத்தில் வெல்டிங் மேடு தட்டுப்படும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

'ஒரிஜினல் 1944 வில்லிஸ்' என்ற விளம்பரத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆளுக்கு ஆள் ஏமாறுகிறார்கள். இவற்றில் பல, மகிந்திரா இங்கே தயாரித்த சிஜே3பி என்ற ஜீப். அதுவும் நல்ல வண்டிதான், ஆனால் 'எம்பி' என்ற யுத்தகால வில்லிஸ் மாடல் இல்லை, அந்த விலையும் அதற்கு இல்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். எம்பியின் முன் கிரில்லில் ஒன்பது பிளவுகள், சிஜே வரிசையில் ஏழு. எம்பியில் ஹெட்லைட் சின்னதாக கிரில்லுக்குள் பதிந்திருக்கும், சிஜேயில் பெரிதாக வெளியே தெரியும். எம்பிக்குப் பின்னால் திறக்கும் கதவுப்பலகை கிடையாது, ஸ்டெப்னி அங்கேதான் தொங்கும். சிஜே3பியில் உயரமான எஃப் ஹெட் எஞ்சினுக்காகப் பானட்டே உயர்ந்திருக்கும், 'ஹை பானட்' என்று சொல்வது அதைத்தான்.

சரி, ஒன்பது பிளவு இருக்கிறது, லோ பானட்தான், உடனே வாங்கிவிடலாமா? அதுவும் இல்லை. புதுத் தகட்டில் லோ பானட் பாடி அடித்து, எங்கோ கிடந்த பழைய ஆர்சியோடு சேர்த்து விற்பது வடக்கே, குறிப்பாக ஹரியானாவின் மண்டி டப்வாலி பக்கம், பெரிய தொழில். தயாரிப்பாளரின் வடிவத்திலிருந்து மாற்றிய வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடை போடுகிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாடியை விட்டுவிட்டு, சேசிஸ் எண்ணையும் ஆர்சியில் இருக்கும் தயாரிப்பாளர் பெயர், தயாரிப்பு ஆண்டையும் ஒப்பிடுங்கள்.

டீசல் எஞ்சின் போட்ட பழைய அம்பாசிடர்களும் உண்டு. ஒரு காலத்தில் டாக்ஸிக்காக மெட்டடார் எஞ்சினை ஏற்றி ஓட்டினார்கள். ஆர்சியில் எரிபொருள் 'பெட்ரோல்' என்றே இருந்து பானட்டுக்குள் டீசல் இருந்தால், புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

5. 'ஃபுல்லி ரீஸ்டோர்ட்', 'ஷோரூம் கண்டிஷன்'

பளபளப்பு என்பது பெயின்ட். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் தகடு. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, டிக்கியின் தரை ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. டிக்கி விரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

'பிரேம் ஆஃப் ரீஸ்டோரேஷன்' (பாடியை பிரேமிலிருந்து கழற்றிச் செய்தது) என்று அம்பாசிடருக்கோ ஃபியட்டுக்கோ எழுதியிருந்தால் எழுதியவருக்கு வண்டி தெரியாது. அந்த இரண்டிலும் தனி பிரேமே கிடையாது, பாடியே எலும்புக்கூடு. அதனால் தரைத் தகடு அரித்திருந்தால் அது வெறும் ஓட்டை இல்லை, வண்டியின் பலமே போகிறது, டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டலாம். சென்னையில் தயாரான ஹெரால்டில் தனி சேசிஸ் உண்டு. அதைத் தூக்கி நிறுத்தி, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் டிக்கிக்குக் கீழே இருக்கும் பகுதியையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே துரு.

ரீஸ்டோர் செய்தவர் செய்யும்போது போட்டோ எடுக்காமல் இருக்க மாட்டார், அது அவருடைய பெருமை. பெயின்ட் முழுக்க உரித்த நிலையில் எடுத்த படம், டிங்கரிங் பில், எஞ்சின் சிலிண்டரைக் கடைந்த (போர் அடித்த) லேத் பட்டறை பில், பாகங்கள் வாங்கிய ரசீது எல்லாம் கேளுங்கள். 'எல்லாம் இருந்துச்சு, போன் தொலைஞ்சுடுச்சு' என்றால் அதை வெறும் 'பெயின்ட் அடித்த வண்டி' என்று கணக்கில் எடுத்து விலை பேசுங்கள்.

6. 'ரன்னிங் கண்டிஷன்', 'பார்ன் ஃபைண்ட்', 'பெட்டினா'

ரன்னிங் கண்டிஷன் என்றால் ஸ்டார்ட் ஆகும், நகரும். நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. பிரேக்கைத் தனியாகப் பாருங்கள். போகும் முன்பே 'நான் வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று சொல்லிவிட்டு, போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினையை மறைக்கிறார்கள், ஆறும் வரை உட்கார்ந்து காத்திருங்கள். ஹெரால்டு என்றால் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்குக் கிரீஸ் இல்லை, கியர் ஆயில்தான் விட வேண்டும். வறண்டு தேய்ந்தால் ஓடும்போதே உடைந்து சக்கரம் மடங்கிவிடும். 'கிரீஸ் அடிச்சாச்சு' என்று பெருமையாகச் சொன்னால் அந்த வேலையையும் உங்கள் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்ன் ஃபைண்ட் என்பது பல வருடம் ஓடாமல் கிடந்த வண்டி. பெட்ரோல் டேங்க் துரு, இறுகிய பிரேக், இற்றுப்போன ரப்பர், கூடவே மேலே சொன்ன தூங்கிய ஆர்சி. தூசியோடு படம் எடுத்துப் போட்டால் விலை ஏறுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெட்டினா, அதாவது காலத்தால் வந்த மங்கல் என்பதற்கு நிஜமான மதிப்பு உண்டு, தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே மங்கியிருந்தால். டிக்கிக்குள்ளும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் இருக்கும் நிறம் வெளி நிறத்தோடும் ஆர்சியில் எழுதிய நிறத்தோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது வெறும் துரு.

7. 'மகாராஜா வைத்திருந்தது', 'சினிமாவில் வந்த கார்', 'ரேர்', 'இன்வெஸ்ட்மென்ட்'

கதைக்கு ஆர்சியின் முதல் உரிமையாளர் பெயரும், எண் பலகை தெளிவாகத் தெரியும் பழைய போட்டோவும்தான் சாட்சி. இரண்டும் இருந்தால் கதைக்குக் காசு கொடுக்கலாம். ரேர் என்றால் பாகங்களும் ரேர் என்று புரிந்துகொள்ளுங்கள். சென்னையில் பாகங்கள் விற்கும் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்காத கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். இன்வெஸ்ட்மென்ட் என்ற வார்த்தையை மொத்தமாக ஒதுக்குங்கள். விலை ஏறும் என்று விற்பவருக்கு உறுதியாகத் தெரிந்தால் அவரே வைத்திருப்பார்.

8. பணம் கொடுக்கும் நாள்

முன்பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ஒரு தாளில் வண்டி எண், சேசிஸ் எண், எஞ்சின் எண், மொத்த விலை, விற்பவர் முடித்துத் தர வேண்டிய பேப்பர் வேலைகள், எந்தத் தேதிக்குள், முடியாவிட்டால் முன்பணம் திரும்பும் என்பதையெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் பிரின்ட் எடுத்து அதோடு இணையுங்கள்.

தனிநபரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. பதிவு பெற்ற வியாபாரி என்றால் 18 சதவீதம், அதுவும் அவருடைய லாபத்தொகை மேல்தான். மொத்த விலைக்கும் 18 சதவீதம் கேட்டால் விவரமான பில் கேளுங்கள்.

'ஓபன் டிரான்ஸ்ஃபர்', அதாவது தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்களை வாங்கிக்கொண்டு வராதீர்கள். படிவம் 29, படிவம் 30, இரண்டு பேருடைய அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தயாரான பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். எப்போதோ வாங்கிய வங்கிக் கடன் ஆர்சியில் நின்றுகொண்டிருந்தால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் வேண்டும். பழைய வண்டிகளில் அந்த நிதி நிறுவனமே மூடிப்போயிருக்கும், அதனால் இதை விற்பவர் தீர்க்காமல் நகராதீர்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆர்டிஓவில் ஒப்படைக்கும் முன் பழைய ஆர்சி புத்தகத்தை அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை கலரில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் கார்டு வந்ததும் அந்தப் புத்தகம் உங்கள் கைக்குத் திரும்ப வராமல் போகலாம், உங்கள் வண்டியின் முந்தைய உரிமையாளர்கள் யார் யார் என்பது அதில்தான் இருக்கிறது.